கோடை விடுமுறையும் வியப்பூட்டும் நாவல்களும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்னும் சில வாரங்களில் பள்ளிகள் கோடை விடுமுறைக்காக மூடப்படும். தில்லியின் அனற்காற்றுக்கு அஞ்சி, பகற்பொழுதெல்லாம் நம் பிள்ளைகள் வீட்டிற்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள். அப்பொழுது அவர்கள் கையில் எந்த நூலைக் கொடுப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மாயக் கதைகளும் விஞ்ஞான நாவல்களும் பொழுதை வீணாக்கும் பொய்கள் என்று எண்ணும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்கள் விடுமுறைக்கும் பாடநூலையே வாங்கித் தருகிறார்கள். அன்றேல் பக்கந்தோறும் நீதி புகட்டும் நூலை வாங்கித் தருகிறார்கள். பிள்ளை இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் குற்றம் சொல்ல இடமுண்டோ?

நல்ல கற்பனை நாவல், 'இப்படி நேர்ந்தால் என்ன ஆகும்?' என்று கேட்டு, அதற்குரிய விடையை நேர்மையாகக் கணக்கிட்டுச் செல்லும். எச். ஜி. வெல்ஸ் 1897இல் வெளியிட்ட கண்ணுக்குப் புலப்படாத மனிதனின் கதையைப் பாருங்கள். அவன் உடல் மறைந்துவிடுகிறது. ஆனால் உடுத்த துணி மறைவதில்லை. ஆகவே குளிர்காலத்தில் ஆடையின்றி நடுங்குகிறான். உண்ட உணவு செரிக்கும்வரை வெளியே தெரிகிறது. காலடித் தடம் அவனைக் காட்டிக்கொடுக்கிறது. ஆசிரியர் வேண்டிப் பெற்ற அதிசயம் ஒன்றே. மற்றவை யாவும் அதன் விளைவுகள். இதைப் படிக்கும் பிள்ளை, காரணத்தையும் காரியத்தையும் தானே பொருத்திப் பார்க்கக் கற்கிறது.

நூலைத் தேர்வதற்குரிய உரைகல்லும் இதுவே. ஆபத்து வரும்போதெல்லாம் புதிய மந்திரமோ புதிய இயந்திரமோ வானத்திலிருந்து குதித்துக் கதாநாயகனைக் காப்பாற்றுமாயின், அந்நூலைக் கடையிலேயே விட்டுவிடலாம். மாயக் கதைக்கும் இவ்விதி பொருந்தும். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்சீ' நாவலில், ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனே அதனை ஆளலாம். ஆற்றலைச் செருக்கோடு பயன்படுத்தினால் உலகின் சமநிலை குலையும். செருக்கின் விளைவை இளைஞனொருவன் கடல் கடந்து எதிர்கொள்வதே கதை. நீதி உண்டு; உபதேசம் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வயதினர்க்கு ஜூல் வெர்ன் ஏற்றவர். 1870இல் நிறைவுற்ற அவருடைய கடலடிப் பயண நாவலில், நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் நெமோ எந்த நாட்டினன் என்பது மறைபொருள். பின்னர் வந்த 'மர்மத் தீவு' நாவலிலே, அவன் பண்டேல்கண்டைச் சேர்ந்த இந்திய இளவரசன் என்பது வெளிப்படுகிறது. முதல் நூலை முடித்த பிள்ளை இரண்டாவதைத் தானே தேடும். பெண்மக்களுக்கு 'சுல்தானாவின் கனவு' என்னும் சிறுகதையைத் தவறாது கொடுங்கள். வங்கப் பெண்மணியாகிய ரொக்கையா ஹுசேன் எழுதிய இக்கதை, 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த மகளிர் இதழொன்றில் வெளியாயிற்று. அங்கே பெண்கள் கதிரவனின் வெப்பத்தைப் பிடித்து நாட்டை ஆள்கின்றனர். ஆண்கள் வீட்டிற்குள் இருக்கின்றனர்!

இனி, நம் நெஞ்சை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். அண்டை வீட்டு வங்காளிப் பிள்ளைக்காகச் சத்யஜித் ராய் 1961 முதல் பேராசிரியர் சங்குவின் கதைகளை எழுதிச் சென்றார். மராத்திப் பிள்ளைக்கு வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் தாய்மொழியிலேயே விஞ்ஞானக் கதைகள் படைத்தார். நம் பிள்ளைக்கும் நூல் உண்டு. படிக்கும் பழக்கம்தான் இல்லை. வீட்டில் தமிழ் பேசுகிறது. எழுத்தைக் கண்டால் தயங்குகிறது. செவியோடு நின்றுவிட்ட மொழி அடுத்த தலைமுறைக்கு எட்டுமா என்பது ஐயமே.

இதற்கு நான் காணும் வழி, தமிழை மருந்தாகப் புகட்டாமல் வியப்பாகக் கொடுப்பதே. சிறுவர்க்கு வாண்டுமாமாவின் கதைகள் உள்ளன. பதின்மூன்று வயதைக் கடந்தவர்க்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' உள்ளது. பேசும் இயந்திர நாயாகிய ஜீனோவை விரும்பாத பிள்ளை அரிது. அவர் கற்பனை செய்த எதிர்காலம் நமக்கு இன்று கடந்த காலம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிள்ளைகளே வழக்காடலாம். வாக்கியங்கள் சிறியவை. வார இதழில் தொடராக வந்ததாகையால், அடுத்தது என்ன என்ற ஆவலிலேயே பகுதிகள் முடிகின்றன.

இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் பெற்றோர் உரக்கப் படியுங்கள். கதை முறுகும் இடத்தில் புத்தகத்தை மூடி, பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் மாலைவரை காத்திருக்கப் பொறாத பிள்ளை, எழுத்துக் கூட்டியேனும் ஒரு பக்கத்தைப் படித்துவிடும். பிடிக்காத நூலைப் பாதியில் கைவிடும் உரிமையையும் அதற்கு அளியுங்கள். வேறொரு நூலைக் கொடுங்கள். ஒரு வீட்டில் படித்து முடித்த நூல் அடுத்த வீட்டுக்குச் செல்லட்டும்.

அடுத்த ஆண்டு விழாவில், இம்மேடையேறி, தாம் படித்த தமிழ் நாவலின் கதையை நம் பிள்ளைகள் தமிழிலேயே சொல்லக் கேட்போமாக.