கடலில் ஒரு நீதி

(இராஜாக்கமங்கலத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இந்தக் கரையில் நின்று பார்ப்பவனுக்குக் கடல் எல்லோருக்கும் பொதுவாகத் தெரியும். ஏகாதிபத்திய நாளில் அது பொதுவாக இல்லை. எந்தக் கப்பலில் எவனுக்குத் துப்பாக்கி போகிறது என்று வல்லரசுகளும் அவற்றின் தூதர்களும் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தனர். 1890-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய வல்லரசுகள், அடிமை வாணிகத்தை ஒழிப்பதாகச் சொல்லி, ஆப்பிரிக்கரின் கைக்கு நவீனத் துப்பாக்கி போகாதவாறு தடை போட்டன. தம் படைகளின் துப்பாக்கிகளையோ கீழே வைக்கவில்லை!

நாஞ்சில் வேர்கொண்ட குடும்பத்தில் 1891-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை, முதல் உலகப் போரின்போது பெர்லின் இந்தியக் குழுவில் இருந்தார். இந்தியாவுக்கு ஆயுதம் அனுப்ப அக்குழுவும் ஜெர்மன் அரசும் முனைந்தன. அமெரிக்காவிலிருந்த ஜெர்மன் தூதரக இராணுவ அதிகாரி பாப்பன் ஏற்பாடு செய்தார். 1915 மார்ச்சில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளோடு 'ஆனி லார்சன்' என்னும் பாய்க்கப்பல் சான் டியாகோவை விட்டுப் புறப்பட்டது. மெக்சிகோவுக்குப் போகும் சரக்கு என்றன தாள்கள். சொகோரோ தீவில் 'மாவெரிக்' என்னும் எண்ணெய்க் கப்பலுக்குச் சரக்கை மாற்றுவது திட்டம். அது வந்து சேருமுன், குடிநீர் தீர்ந்த பாய்க்கப்பல் தீவை விட்டகன்றது. ஜூன் இறுதியில் ஹோகுவியம் துறைமுகத்தில் அமெரிக்க அதிகாரிகள் ஆயுதங்களைக் கைப்பற்றினர். அவை தம் அரசின் உடைமை என்று ஜெர்மன் தூதர் கேட்டும் கிடைக்கவில்லை. ஆயுதத்துக்காகப் பாலசோர்ப் பகுதியில் காத்திருந்த ஜதீந்திரநாத் முகர்ஜி, செப்டம்பரில் போலீசாரோடு போரிட்டுக் காயமுற்று மாண்டார்.

1917-18-இல் சான்பிரான்சிஸ்கோவில் வழக்கு நடந்தது. குற்றம் என்ன? அமெரிக்காவின் நடுநிலையை மீறியது! ஆனால் அதே 1915-இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் தளவாடங்கள் பிரிட்டனுக்குக் கப்பல் கப்பலாகச் சென்றன. போரிடும் அரசுக்குத் தனியார் விற்றால் அது வணிகம்; நடுநிலை மண்ணிலிருந்து படையெடுப்புக்கு வழிசெய்தால் அது குற்றம் என்றது சட்டம். சரி, அரசே இல்லாத அடிமை நாட்டான் எந்தக் கடையில், எந்தப் பெயரில் வாங்குவான்? உள்நாட்டிலோ 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், உரிமமின்றி அவன் துப்பாக்கியைத் தொடவும் விடவில்லை.

கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. ஆயுத வாணிகத்துக்குக் கடிவாளம் வேண்டும். ஆனால் 2013-இல் ஐ.நா. சபையில் ஆயுத வணிக உடன்படிக்கை வாக்குக்கு வந்தபோது, விற்கும் நாட்டுக்கும் வாங்கும் நாட்டுக்கும் இடையே அதில் சமநிலை இல்லை என்று கூறி இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. தராசு யார் கையில் என்னும் பழைய கேள்வி இன்னும் சாகவில்லை.

ஆகவே, எவர் வந்து ஆயுதக் கட்டுப்பாடு பேசினாலும் கேளுங்கள்: பூட்டு யார் வாசலுக்கு? சாவி யார் மடியில்?