ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் என்ன சொல்லுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் ஒரு கேள்வி. மாடல் படகுக்கு ஒரு க்ளோ எஞ்சின் வாங்கியிருக்காங்க. இழுத்து இழுத்துக் கை வலிக்குது, ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது, என்ன பண்றதுன்னு கேட்டிருக்காங்க. பதில் சொல்றேன். ஆனா அதோட நிறுத்தப் போறதில்லை. பழவேற்காட்டுல கடலுக்குப் போறவங்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. நமக்கு அது பொழுதுபோக்கு, அவங்களுக்குப் பொழப்பு. ரெண்டையும் சேர்த்தே பேசுவோம்.

முதல்ல க்ளோ எஞ்சின். இதுல ஸ்பார்க் பிளக் கிடையாது. அந்த இடத்துல க்ளோ பிளக் இருக்கும். அதுக்குள்ள பிளாட்டினம் கலந்த ஒரு மெல்லிய கம்பிச் சுருள். 1947ல அமெரிக்காவுல ரே ஆர்டன் என்பவர் இதை அறிமுகப்படுத்தினார். ஸ்டார்ட் பண்ணும்போது 1.5 வோல்ட் பேட்டரி கொடுத்து அந்தச் சுருளைப் பழுக்க வைக்கணும். ஓட ஆரம்பிச்சதும் பேட்டரியை எடுத்துடலாம். எரியற சூடும், மெத்தனால் பிளாட்டினத்து மேல படும்போது நடக்கற வேதிவினையும் சேர்ந்து சுருளை அணையாம வச்சிருக்கும்.

அதனால முதல் வேலை, பிளக்கைக் கழற்றிப் பேட்டரியில வச்சுப் பாருங்க. நல்லா ஆரஞ்சு நிறத்துல பழுக்கணும். மங்கலா இருந்தா பேட்டரி தீர்ந்திருக்கலாம். பழுக்கவே இல்லைன்னா சுருள் அறுந்திருக்கலாம். பிளக் சரியா இருந்தா அடுத்தது எரிபொருள். ட்யூப்ல அது நகருதான்னு பாருங்க. அளவுக்கு மீறி உள்ள போயிருந்தா எஞ்சின் இறுகிடும், சுத்தவே முடியாது. அப்ப பலத்தைக் காட்டாதீங்க, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். பிளக்கைக் கழற்றி, முகத்தைத் தள்ளி வச்சு, மெதுவா சுத்தி வெளியேத்துங்க. மெத்தனால் விஷம், அதோட தீ பகல்ல கண்ணுக்கே சரியா தெரியாது. திறந்த வெளியில, கையுறை போட்டுத்தான் இந்த வேலை.

இப்ப பழவேற்காட்டுக்குப் போவோம். சென்னையிலேருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவோட ரெண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பரப்பு பெருசு, ஆழம் கம்மி. ஏரிக்குள்ள எஞ்சின் நின்னுட்டா பல இடங்கள்ல கழி ஊன்றியே கரை சேர்ந்துடலாம். ஆபத்து முகத்துவாரத்துலதான். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம்னு சுத்தி இருக்கற ஊர்கள்லேருந்து ஏரி வழியா கடலுக்குப் போற படகுங்க அதைத் தாண்டணும். மணல் சேர்ந்து அடிக்கடி மேடாயிடும். அதை நிரந்தரமா ஆழப்படுத்தி வைக்கணுங்கறது மீனவர்களோட பல வருஷக் கோரிக்கை. மேடான இடத்துலதான் அலை உடையும். அங்க எஞ்சின் நின்னா படகோட மூக்கு திரும்பிடும், அடுத்த அலை பக்கவாட்டுல அடிக்கும். சில விநாடில படகு கவிழலாம்.

இந்தக் கரையோர ஃபைபர் படகுகள்ல பரவலா பாக்கறது ஒத்தை சிலிண்டர் டீசல் எஞ்சின், சுமார் 10 குதிரைசக்தி. அதுலேருந்து நீளமா ஒரு தண்டு, முனையில ப்ரொப்பெல்லர். கையால சுத்தி ஸ்டார்ட் பண்றதுதான் வழக்கம். இதுலயும் ஸ்பார்க் பிளக் இல்லை. க்ளோ எஞ்சினுக்குக் கம்பி கொடுக்கற சூட்டை, டீசலுக்குக் காத்து கொடுக்குது. உள்ள வந்த காத்தை இருபதுல ஒரு பங்கு அளவுக்கு நெருக்கினா 500 டிகிரியைத் தாண்டிச் சூடேறும். அதுல டீசலைப் பீச்சினா தானா பத்திக்கும்.

மெதுவா சுத்தினா அந்தச் சூடு சிலிண்டர் சுவருக்குப் போயிடும், காத்தும் ரிங் வழியா கசியும். அதுக்குத்தான் டீகம்ப்ரஷன் லிவர். அதைத் தூக்கி வச்சா அழுத்தம் இல்லாம லேசா சுத்தலாம். ஃப்ளைவீல் வேகம் பிடிச்சதும் லிவரை விடணும். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மத்த விரல்களோட ஒரே பக்கம் வைங்க. எஞ்சின் திருப்பி உதைச்சா விரல் தப்பிக்கும்.

அப்படியும் ஸ்டார்ட் ஆகலையா? புகையைப் பாருங்க. சாஃப்ட்வேர்ல நாம ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி லாக் படிக்கற மாதிரிதான் இது.

சுத்தும்போது புகையே வரலைன்னா, டீசல் சிலிண்டருக்குப் போகலை. டேங்க், குழாய் திருகு, ஸ்டாப் லிவர் மூணையும் பாருங்க. ஃபில்டரோட அடியிலேருந்து கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வைங்க. தண்ணி கலந்திருந்தா அடியில தனியா நிக்கும். அடுத்தது ஏர்லாக். ப்ளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாம டீசல் வர்ற வரைக்கும் விடணும். எல்லாம் சரின்னா, சுத்தும்போது இன்ஜெக்டர்லேருந்து 'கிர்க்'னு ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் இல்லைன்னா பம்ப் அல்லது நாசிலைக் கவனிக்கணும். பீச்சற நாசில் முன்னாடி மட்டும் கையை வைக்காதீங்க, அந்த அழுத்தம் தோலைத் துளைச்சுடும்.

வெள்ளைப் புகை வந்தா, டீசல் போகுது, எரியலை. சூடு பத்தலை. லிவரை விட்டுட்டு மெதுவா சுத்திப் பாருங்க. பந்தை அமுக்கின மாதிரி எதிர்க்கணும். எதிர்ப்பு கம்மியா இருந்தா, காத்து போற வழியில ரெண்டு மூணு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுத்துங்க. எதிர்ப்பு கூடினா ரிங் தேய்ஞ்சிருக்கு. கூடலைன்னா வால்வைச் சந்தேகப்படலாம். சொட்டுக் கணக்கைத் தாண்டாதீங்க, எஞ்சின் கட்டுமீறி ஓடற அபாயம் உண்டு.

ஓட ஆரம்பிச்ச பிறகும் கறுப்புப் புகை நிக்கலைன்னா, காத்து பத்தலை இல்லைன்னா டீசல் அதிகம். முதல்ல ஏர் ஃபில்டரைப் பாருங்க.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மூணையும் ஒண்ணா மாத்தி எஞ்சின் ஓடிட்டா, எது சரியாச்சுன்னே தெரியாது. நாளைக்கு அதே இடத்துல மறுபடி நிப்பீங்க.

முக்கியமா சொல்ல வேண்டியது இதுதான். பெட்ரோல் நனைச்ச துணியைக் காத்து வழியில காட்டினாலோ, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சாலோ எஞ்சின் கிளம்பிடும். அதுல தீப்பிடிக்கற அபாயமும் இருக்கு. அதைவிட, தேய்ஞ்ச ரிங்கும் டீசல்ல கலந்த தண்ணியும் அப்படியே உள்ள இருக்கும். கரையில அடம் பிடிக்கற எஞ்சின் முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை கொடுக்குது. அந்த எச்சரிக்கையை ஸ்ப்ரே அடிச்சு அடக்கிட்டா, அடுத்த தடவை அது உடையற அலைக்கு நடுவுல வரலாம்.

அதனால முகத்துவாரத்துக்கு முன்னாடி, அமைதியான தண்ணியில எஞ்சினைச் சூடேத்தி, ஒரு தடவை நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கறது நல்லது. ரெண்டாவது தடவையும் தயங்கினா அன்னைக்குத் தாண்ட வேணாம். ஒரு நாள் வருமானம் போறது சின்ன விஷயம் இல்லைதான். ஆனா அலைக்கு நடுவுல நின்னா படகு, வலை, ஆளு எல்லாமே போகலாம்.

மாடல் படகு வச்சிருக்கறவங்க பிளக்குலேருந்து ஆரம்பிங்க. என்ன பாத்தீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.