கல்லணையும் கடைமடையும்



சரித்திரப் பிரசித்தி பெற்ற ஸ்தலம் என்றாலே வாழ்ந்து முடிந்த இடம் என்று எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, சற்றேறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கரிகாற் சோழன் எடுப்பித்ததாக மரபு கூறும் கல்லணை, ஓய்வு என்பதே அறியாமல் இன்னும் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருப்பது ஆச்சரியம்தான்.

ஆற்று மணலில் கற்களை அமிழ்த்தி எழுப்பிய அந்த அஸ்திவாரத்தின் சூட்சுமத்தை ஆராய்ந்துணர்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டியபோதும், பிற்பாடு கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் அணை எழுப்பியபோதும் அந்தப் பாடத்தைக் கையாண்டார். நம் கண்ணுக்குத் தெரியும் மதகுகளும் பாலங்களுமோ பெரும்பாலும் பிற்காலத்தவை. எது பழையது, எது புதியது என்ற விசாரம் ஆராய்ச்சியாளருக்கு அவசியமே. குடியானவருக்கு அந்தக் கவலை இல்லை.

ஜூன் மாதத்தில் மேட்டூர் அணை திறந்து, சில தினங்களில் தண்ணீர் வந்து நிரம்பியதும், கல்லணையில் பூஜை நடக்கும். மதகு உயரும்போது அதிகாரிகளும் விவசாயிகளும் பூவையும் விதைநெல்லையும் புதுநீரில் தூவுவார்கள். அந்த வேளையில் கரிகாலன் சிலையை ஏறிட்டும் பாராமல், காவிரிக்கு எவ்வளவு, வெண்ணாற்றுக்கு எவ்வளவு, புதாற்றுக்கு எத்தனை ஷட்டர் என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கணக்குப் பார்க்கும் ரயத்தைவிட அந்த ஸ்தலத்தை ஊன்றி வாசிப்பவர் வேறொருவர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆடிப் பதினெட்டன்று காதோலை கருகமணியைக் காவிரியில் விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, சித்ரான்னத்தைப் பகிர்ந்துண்ணும் பெண்டிருக்கோ அது வேறொரு சந்நிதி.

ஆனால் ஒரே அணை எல்லோருக்கும் ஒரே பொருள் தருவதில்லை. 1934-இல் மேட்டூரோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயைத்தான் இன்றும் புதாறு என்கிறார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து வயல்களுக்குக் கல்லணையின் சரித்திரம் அந்த ஆண்டில்தான் தொடங்குகிறது. வெண்ணாற்றை நம்பிய திருத்துறைப்பூண்டிக் கடைமடையிலோ, நாற்று காய்கிற வருஷங்களில், கல்லணை என்ற அந்தப் பெருமிதப் பெயர் மனத்தாங்கலோடுதான் உச்சரிக்கப்படுகிறது. தலைமடைக்காரர் பெருமையும் கடைமடைக்காரர் தாபமும் இரண்டுமே அந்த ஸ்தலத்தின் புராணத்தைச் சேர்ந்தவை.

ஆகவே, வருகிறவர்களுக்கு விஷயம் சொல்லக் கல்லணையில் பலகை எழுதி வைப்பவர்கள், கரிகாலனுக்கும் காட்டனுக்கும் கீழே ஒரு வரி இடம் விட்டு, இவ்வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்பதையும் ஆண்டுதோறும் எழுதிவரலாம் என்பது என் அபிப்பிராயம்.