உயர்நிலைப் பள்ளியில் இயற்கணித வகுப்பு: நம் எதிர்பார்ப்பும் திட்டமும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் ‘கல்வியின் பெருமை’ பற்றிப் பேசுவது எளிது. அப்பெருமையை நம் மக்கள் நன்கு அறிவர். அறியாதிருந்தால் கூலிக் காசில் மிச்சம் பிடித்து இச்சங்கத்தை வளர்த்திருக்க மாட்டார்கள். ஆதலின் பொதுவாகப் பேசாமல், ஒரே ஒரு வகுப்பறையின் கதவைத் திறந்து உள்ளே நுழைய விரும்புகிறோம். அது ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் இயற்கணித வகுப்பு. நம் பெரியவர்கள் ‘அல்ஜீப்ரா’ என்று அச்சத்தோடு சொன்னது இதைத்தான். நாம் கணிதப் பட்டதாரி அல்லோம். எனினும் பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் என்ற முறையில், நம் பிள்ளைகள் எந்த வாசற்படியில் இடறி விழுகின்றனர் என்பதை ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். அவ்வாசற்படி பெரும்பாலும் இதுவே.

ஏன் இந்த ஒரு பாடம்?

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்குப் பொதுப் பாடப்பிரிவு மாணவரின் தரவரிசை மதிப்பெண் 200. அதில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பாதி மதிப்பெண் கணிதத்திடமே இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டு மருத்துவத்திலும், 2021ஆம் ஆண்டு பொறியியல் முதலான தொழிற்படிப்புகளிலும் வந்தது. போராடிப் பெற்ற இடஒதுக்கீடு முன்னமே உண்டு. ஆனால், பத்தாம் வகுப்பிலேயே கணிதத்தைக் கைவிட்ட பிள்ளைக்கு, ஒதுக்கப்பட்ட பொறியியல் இடத்தால் என்ன பயன்? நாற்காலி காலியாக இருக்கிறது; அதனிடம் செல்லும் பாதை மூன்றாண்டுக்கு முன்னரே அடைபட்டுவிடுகிறது.

பொறியியல் வேண்டாம் என்பார்க்கும் விடுதலை இல்லை. பாலிடெக்னிக் பட்டயப் படிப்பின் முதலாண்டிலேயே கணிதம் காத்திருக்கிறது. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 25 வினாக்கள் திறனறிவுக் கணக்குகள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறும் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. அங்கும் எண்ணறிவே முன்நிற்கிறது.

கரும்பலகையும் உணவுப் பாத்திரங்களும்

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்ற நாளில், ஆசிரியர் ஒருவர் கணக்கொன்றைத் தீர்க்கக் கரும்பலகைக்கு வருமாறு அவரை அழைத்தார். வகுப்பில் பெருங்கூச்சல் எழுந்தது. மேற்சாதிப் பிள்ளைகளின் உணவுப் பாத்திரங்கள் அக்கரும்பலகைக்குப் பின்னே வைக்கப்பட்டிருந்தன. அவர் நெருங்கினால் உணவு தீட்டாகிவிடும் என்று அவர்கள் ஓடிச் சென்று பாத்திரங்களை அப்புறப்படுத்தினர். அந்தச் சிறுவன்தான் 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறி, பின்னர் 1923ஆம் ஆண்டு ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆராய்ச்சி நூலை வெளியிட்ட பொருளியல் அறிஞர். எண்களைக் கொண்டு ஒரு பேரரசின் நாணயக் கொள்கையையே கேள்வி கேட்டார்.

இன்று கரும்பலகைக்குப் பின்னால் பாத்திரங்கள் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் கரும்பலகைக்கு அழைக்கப்படுகின்றனரா? ‘இவனுக்கு இது வராது’ என்று எண்ணி, கடைசி வரிசையை அழைக்காமலே ஆண்டை முடித்துவிடும் வகுப்புகள் இன்றும் உண்டு. கூச்சல் எழவில்லை என்பதால் அதில் கொடுமை இல்லை என்று ஆகிவிடாது.

முப்பத்தைந்து என்னும் பொறி

பத்தாம் வகுப்புக் கணிதத் தாள் 100 மதிப்பெண் கொண்டது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரு மதிப்பெண் வினாக்கள் பத்தெழுதினால் 20. ஐந்து மதிப்பெண் வினாக்கள் பத்தெழுதினால் 50. வடிவியல் வரைதலும் வரைபடமுமாக 16. தேர்ச்சிக்கு வேண்டியது 35. இதனைக் கண்ட கெட்டிக்காரர்கள் ஒரு குறுக்குவழி வகுத்தனர். வரைதலையும் வரைபடத்தையும் மனப்பாடமாகப் பழக்கு, ஒரு மதிப்பெண் விடைகளை உருப்போட வை, எளிய இரு மதிப்பெண் வினாக்கள் சிலவற்றைச் சேர், பிள்ளை தேறிவிடும். இயற்கணிதமா? அதை விட்டுவிடு!

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நாமும் அவ்வழியில் நடந்தவர்களே. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்பார்களே என்ற அச்சத்தில், ‘மெல்லக் கற்போர்’ என்று பெயரிட்டுப் பிரித்த பிள்ளைகளுக்கு அந்த 35ஐ மட்டுமே இலக்காக வைத்தோம். அப்படித் தேறிய மாணவி ஒருத்தி, நம் தெருப் பிள்ளை, பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவு கேட்டுச் சென்றாள். கிடைக்கவில்லை. திரும்பி வந்து, “ஐயா, அந்தப் பாடத்தை எனக்கு நடத்தவே இல்லையே, எனக்கு வராது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?” என்று கேட்டாள். அவளுக்கு அன்று விடை சொல்ல இயலவில்லை. இந்த உரையை அவளுக்குக் காலம் கடந்து சொல்லும் விடையாகவே கருதுகிறோம்.

கடல் கடந்த ஒரு முன்மாதிரி

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக 1960களில் மிசிசிப்பி மாநிலத்தில் அடியுதை பட்டு உழைத்தவர் ராபர்ட் மோசஸ். கணித ஆசிரியரான அவர், தம் மகள் படித்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் கற்பிக்கப்படாததைக் கண்டு தாமே கற்பிக்க முன்வந்தார். அதிலிருந்து 1982ஆம் ஆண்டு ‘அல்ஜீப்ரா திட்டம்’ பிறந்தது. வாக்குச் சீட்டு இல்லாதவன் அன்று குடிமகனாக இயலாததுபோல, இயற்கணிதம் இல்லாதவன் இன்றைய பொருளாதாரத்தில் முழுக் குடிமகனாக இயலாது என்பது அவர் வாதம். 2021ஆம் ஆண்டு மறையும்வரை அதனை அவர் விடவில்லை. பிள்ளைகளை நகரத்துச் சுரங்க இரயிலில் அழைத்துச் சென்று, நிலையங்களைக் கொண்டே மிகை எண், குறை எண் கற்பித்தார். நமக்குச் சுரங்க இரயில் எதற்கு? நகரப் பேருந்து போதும். நம் ஊர் நிறுத்தம் பூச்சியம். நகரம் நோக்கிய நிறுத்தங்கள் +1, +2, +3. எதிர்த்திசையில் −1, −2. மூன்றாம் நிறுத்தத்தில் ஏறி ஐந்து நிறுத்தம் திரும்பி வந்தால் இறங்குமிடம் −2. 3 − 5 = −2 என்பதைப் பிள்ளை தன் காலாலேயே நடந்து அறிந்துவிடுகிறது.

நம் எதிர்பார்ப்பு

முதலாவது, ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும் இயற்கணிதம் கற்கும் என்றே தொடங்க வேண்டும். எவரையும் தொடக்கத்திலேயே கழிக்கக் கூடாது. இரண்டாவது, விடை மட்டும் போதாது. ஒவ்வொரு படிக்கும் ‘ஏன்’ என்று கேட்டால் பிள்ளை சொல்ல வேண்டும். மூன்றாவது, தவறு செய்ய அஞ்சாத வகுப்பாக அது அமைய வேண்டும். நான்காவது, ஆசிரியர் வாரத்துக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு மாணவரையும் கரும்பலகைக்கு அழைக்க வேண்டும். வருகைப் பதிவேடு போல் இதற்கும் ஒரு பட்டியல் இருக்கட்டும். எவர் பெயரும் விடுபடலாகாது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெயர் விடுபடலாகாது.

நம் திட்டம்

ஜூன் மாதம் முழுவதும் பழுது பார்க்கும் காலம். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் மூடிய பள்ளிகளால் தொடக்க வகுப்புக் கணக்கை இழந்த பிள்ளைகள் பலர். 2021ஆம் ஆண்டு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ ஓரளவு ஈடு செய்தது, முற்றும் ஈடாகவில்லை. பின்னம், குறை எண், சமக்குறி ஆகிய மூன்றையும் முதலில் சோதிக்க வேண்டும். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். 12 என எழுதும் பிள்ளைகள் பலர் இருப்பர். சமக்குறி என்றால் ‘விடை எழுது’ என்னும் கட்டளை என்று அவர்கள் எண்ணுகின்றனர். அது தராசின் முள் என்பதை உணர்த்தி, விடை 7 என அவர்களே காணும்வரை சமன்பாட்டுக்குள் நுழைவது வீண். ‘பக்கம் மாற்றினால் குறி மாறும்’ என்ற மந்திரத்தையும் அதன் பின்னரே சொல்லலாம். இரு தட்டிலும் ஒரே அளவு கூட்டுகிறோம், ஒரே அளவு குறைக்கிறோம் என்பதே அதன் பொருள்.

குறை எண்ணை ‘கடன்’ என்றும் மிகை எண்ணைச் ‘செல்வம்’ என்றும் கொண்டு, 628ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர் விதிகள் வகுத்தார். கடன் என்றால் என்ன என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. அந்த அனுபவத்தைக் கணக்காக மாற்றுவதே ஆசிரியரின் வேலை.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் முற்றொருமைகள். (a + b)² என்பதை a² + b² என எழுதும் தவறு மிகப் பரவலானது. அடிப்பதாலோ நூறு முறை எழுத வைப்பதாலோ அது போகாது. பள்ளி முற்றத்தில் 13 அடிச் சதுரம் ஒன்று வரையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் 10 அடி, 3 அடி எனப் பிரியுங்கள். பெரிய சதுரம் 100. சிறிய சதுரம் 9. இரண்டும் சேர்ந்தால் 109. ஆனால் 13 × 13 = 169. விட்டுப்போன 60 எங்கே? பிள்ளைகளே தேடுவர். பத்துக்கு மூன்றாக இரு பட்டைகள் கிடக்கின்றன. அதுவே 2ab.

காலாண்டுத் தேர்வுக்குப் பின் முழு வலிமையும் காரணிப்படுத்துதலுக்கே. பத்தாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவைகளின் மீப்பெரு பொது வகுத்தி, விகிதமுறு கோவைகள், இருபடிச் சமன்பாடு ஆகிய மூன்றும் இந்த ஒரே சாவியால் திறப்பவை. x² + 7x + 12 என்றால், கூட்டினால் 7, பெருக்கினால் 12 வரும் இரண்டு எண்கள் எவை? 3, 4. இவ்வகையில் நாளுக்கு ஐந்து கணக்கு, பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில், ஆண்டிறுதி வரை நடக்கட்டும்.

அரையாண்டுத் தேர்வையொட்டி வாழ்க்கைக் கணக்குகள். ஒன்று சொல்கிறோம். செங்கற்சூளையில் ஒரு குடும்பம் 12,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறது. வாரத்துக்கு 6,000 கல் அறுக்கிறது. ஆயிரம் கல்லுக்கு 800 ரூபாய் கூலி என்றால் வாரக் கூலி 4,800. வாரச் செலவுக்கு வாங்குவது 2,800. மிச்சம் 2,000 முன்பணத்தில் கழிய வேண்டும். x வாரத்தில் கடன் தீரும் எனக் கொண்டால், 12,000 − 2,000x = 0; x = 6. கணக்கெழுதுபவர் ‘இன்னும் நான்கு வாரம் பாக்கி’ என்று ஏழாம் வாரத்தில் சொன்னால், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் நோட்டைக் காட்டிக் கேட்பாள். கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. கணக்குக் கேட்கத் தெரியாத வீட்டுக்கு அச்சட்டம் ஏட்டிலேயே நின்றுவிடுகிறது.

சங்கமும் பெற்றோரும் செய்யத்தக்கவை

பள்ளி மட்டும் இதனைச் செய்து முடிக்க இயலாது. சங்கத்தின் மாலை நேர வகுப்பில் வாரம் இரண்டு நாள் இயற்கணிதத்துக்கென ஒதுக்குங்கள். கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்கள் அதனை நடத்தட்டும். கணக்கைத் தாமே போட்டுக் காட்டாமல், பிள்ளை போடும்வரை பொறுத்திருக்கப் பழகட்டும். ஒவ்வொரு பிள்ளையிடமும் ‘தவறு நோட்டு’ ஒன்று இருக்கட்டும். எந்தப் படியில், எதனால் தவறியது என்று அதில் எழுதட்டும். தாய்மார்களே, உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டுவதில்லை. நோட்டைக் கையில் வாங்கி, “இதை எனக்குச் சொல், பார்ப்போம்” என்று கேட்டால் போதும். பிறர்க்குச் சொல்லத் தெரிந்ததே தனக்குத் தெரிந்தது. மகளிர் குழுக் கடன் புத்தகத்தை அவளிடம் கொடுத்து வட்டியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இளைஞர்களே, பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் சேரும் நாளில் உடன் செல்லுங்கள். எந்தப் பிரிவு கேட்கிறது, எது தரப்படுகிறது என்று குறித்து வையுங்கள். சென்ற ஆண்டு எத்தனை பேர் கணிதப் பிரிவில் சேர்ந்தனர், இவ்வாண்டு எத்தனை பேர் என்னும் எண்ணிக்கை சங்கத்தின் ஆண்டறிக்கையில் இடம்பெறட்டும். தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டிலும் உண்மையான அளவுகோல் அதுவே.

பெரியோர்களே, 25 ஆண்டுகளுக்கு முன் ‘நம் பிள்ளை பள்ளிக்குப் போகட்டும்’ என்பதே நம் கோரிக்கையாக இருந்தது. அது பெரும்பாலும் நிறைவேறிவிட்டது. இனி, ‘பள்ளிக்குப் போன பிள்ளை எதையும் கற்கும், எதுவும் அதற்கு மறுக்கப்படலாகாது’ என்பது நம் கோரிக்கையாகட்டும். கரும்பலகை முன் நின்று சுண்ணக்கட்டியைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாம் துணை நிற்போம்.

 ஜெய்பீம்!