அம்மா பேசுகிறபடி எழுதுங்கள்

(யாழ்ப்பாணத்தில் நடந்த சிறுகதைப் பயிற்சி வகுப்பில், மலையகத்திலிருந்து வந்த தொழிலாளர் பிள்ளைகளிடையே பேசியது)



இந்த ஊரில் டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே கதை எழுதினார். 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். அவரும் கே. டானியலும் உழைக்கிற சனத்தின் பேச்சைக் கதையில் வைத்தபோது, பண்டிதர் சிலர் அதை 'இழிசனர் வழக்கு' என்று ஏசினார்கள். இவர்கள் அசையவில்லை.

நீங்கள் தந்த கதைகளை நேற்றிரவு வாசித்தேன். ஒரு தங்கச்சி, 'அன்னை அரைநாள் ஊதியமே பெற்றாள்' என்று எழுதியிருக்கிறா. ஏன் பிள்ளை, வீட்டில் அப்படியா சொல்வீர்கள்? 'அம்மாவுக்கு இன்னைக்கு அரைப்பேருதான்.' அந்த ஒரு சொல்லுக்குள் தராசு, கணக்கப்பிள்ளை, இரவு அடுப்பு எல்லாம் இருக்கிறது. என்.எஸ்.எம். இராமையா தன் கதைக்கு 'ஒரு கூடைக் கொழுந்து' என்றுதான் பேர் வைத்தார். 'தேயிலைத் தளிர்' என்று வைக்கவில்லை.

'பிரட்டு' என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு விளங்காதே என்று ஒரு தம்பி கேட்டார். அடிக்குறிப்பு வேண்டாம். விடியற்காலைக் குளிரில் ஆட்கள் நிற்பதையும் கங்காணி வேலை பிரிப்பதையும் காட்டுங்கள். விளங்கிவிடும்.

முதல் தடவை நிறுத்தாமல் முடிவுவரை எழுதுங்கள். எழுத்துப்பிழை கிடக்கட்டும். ஒரு கிழமை கழித்து அம்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள். 'இப்பிடி யாரு பேசுவா?' என்று அவ சிரிக்கிற இடத்தில் கோடு போட்டு, அதை மாற்றுங்கள்.

அந்தத் தங்கச்சி திருத்தித் தந்தால், அடுத்த இதழில் அவவின் கதைக்கு இடம் வைத்திருக்கிறோம்.