ஆறரை டாலர் சொல்லும் கணக்கு



ஏற்றுமதித் தொகை உயர்ந்தால் மகிழ்கிறோம். அதில் நம் உழைப்பு எவ்வளவு என்று கேட்பதில்லை. 2009-இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஐபோன் ஒன்றின் உற்பத்திச் செலவு ஏறத்தாழ 179 டாலர். சுங்கக் கணக்கில் அது முழுவதும் சீன ஏற்றுமதி. யூச்சிங் ஷிங், நீல் டெட்டர்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தார்கள். நினைவகமும் திரையும் ஜப்பானிய நிறுவனங்களுடையவை, செயலி தென்கொரிய நிறுவனத்துடையது. மற்றவற்றில் ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் பங்கு இருந்தது. பாகங்களைப் பொருத்தியதற்காகச் சீனாவில் தங்கியது ஆறரை டாலர். பன்னாட்டு நிறுவனம் வடிவமைப்பையும் வணிகப் பெயரையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளைத் துண்டு துண்டாக்கி நாடுகளுக்குப் பங்கிடுகிறது. ஆகவே ஒரு நாட்டின் வருவாயைத் தீர்மானிப்பது, அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அதன் கையில் இருக்கிறது என்பதே.

அப்படியானால் பொருத்தும் வேலை வீண்தானே என்று சிலர் கேட்கலாம். வீணில்லை. பின்னர் ஐபோன் எக்ஸ் கைப்பேசியை ஆராய்ந்தபோது, உற்பத்திச் செலவில் சீன நிறுவனங்களின் பங்கு ஏறத்தாழ கால்பங்காக உயர்ந்திருந்தது. பொருத்தக் கற்றவர்களைச் சுற்றிப் பாகம் செய்வோரும் வளர்ந்தார்கள். ஆனால் இந்த வளர்ச்சி தானாக வந்துவிடாது. திருப்பெரும்புதூரில் 2006-இல் திறந்த நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. வரி வழக்கும் சந்தைச் சரிவும் சேர்ந்ததால் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அதே வட்டாரத்தில் இன்று ஐபோன் தயாராகிறது. பொருத்தும் ஆலை மட்டும் வந்தால் போதாது என்ற அந்தப் பழைய பாடம் இன்றும் நமக்குப் பொருந்தும்.

பாகங்களின் இறக்குமதிக்கு வரி போட்டால் அவை இங்கேயே உருவாகும், தென்கொரியா அப்படித்தானே வளர்ந்தது என்பது இன்னொரு வாதம். தென்கொரியா உள்நாட்டுத் தொழிலைக் காத்தது உண்மை. ஆனால் ஏற்றுமதிப் பொருளுக்கு வேண்டிய இடுபொருள்களுக்கு அது வரிச்சலுகை தந்தது. சலுகை பெற்றவர்கள் உலகச் சந்தையில் வென்று காட்ட வேண்டும் என்றும் எதிர்பார்த்தது. எல்லை தாண்டி வரும் பாகத்தின் மீது போடும் வரி, கடைசியில் நம் ஏற்றுமதியின் விலையில்தான் ஏறும்.

ஆகவே நமக்குத் தேவை வரிச்சுவரைவிடத் திறமை: அச்சு வடிவமைக்க, சோதனைக் கருவி செய்ய, மின்சுற்று வரையத் தெரிந்த கைகள். இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, நீங்கள் வேலைக்குச் சேரும் இடத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பாகத்தையாவது எடுத்து, இதை இங்கே செய்ய என்ன குறை என்று கேளுங்கள். அந்தக் குறையைத் தீர்ப்பதை உங்கள் முதல் பணியாகக் கொள்ளுங்கள்.