கல்லுக்குள் எண்ணெய்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷன் வரையே பயின்று, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நாம் விஞ்ஞானம் பேசத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. எண்ணெய் ஏற்றிய டாங்கி வண்டிகளின் கணக்கை எழுதி எழுதி, அந்த எண்ணெய் எவ்வாறு கிடைக்கிறது என்றறியும் அவா நமக்கு எழுந்தது. படித்தறிந்ததைப் பகிர்ந்து கொள்கிறோம்.

பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோல் தேங்கி நிற்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இட்டிலி சாம்பாரை உறிஞ்சி வைத்திருப்பது போல, பாறையின் நுண்துளைகளே எண்ணெயைத் தாங்கி நிற்கின்றன.

துளை இருந்தால் மட்டும் போதாது; ஒன்றோடொன்று இணைந்திருத்தல் வேண்டும். 1863-இல் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பாதை வழியே மும்பை செல்கையில், இருபுறமும் உள்ள கருங்கல்லை நோக்குங்கள். எரிமலைக் குழம்பு உறைந்தபோது வாயுக் குமிழிகள் விட்ட பொத்தல்கள் சில அடுக்குகளில் உண்டு. ஆயினும் அவற்றுட் பல கதவில்லாத அறைகள். நீர் ஊடுருவுவது அரிது. ஆகவேதான் நமது புனேயில் கிணறு தோண்டுவோர், பாறை வெடித்தும் சிதைந்தும் உள்ள இடத்தைத் தேடுகின்றனர்.

அதே மும்பைக்கு மேற்கே, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் 'மும்பை ஹை' எண்ணெய் வயல் உள்ளது. 1974-இல் 'சாகர் சாம்ராட்' என்னும் மேடை துளையிட்டு அதனைக் கண்டது; 1976-இல் உற்பத்தி தொடங்கிற்று. அங்கே எண்ணெயைத் தாங்குவது முக்கியமாகச் சுண்ணாம்புப் பாறை. நீர் அரித்த சுண்ணாம்புப் பாறையில் துளைகள் ஒரே சீராக இரா. ஓரிடம் பெரிது, ஓரிடம் மயிரிழையினும் நுண்ணிது.

தொல்லை இங்கேதான். தொடக்கத்தில் பூமியின் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளுகிறது. அது குறைந்ததும் நீரைச் செலுத்தித் தள்ள வேண்டும். மும்பை ஹையிலும் 1980களில் இம்முறை தொடங்கப்பட்டது. நீரோ அகன்ற வழியை நாடி ஓடிவிடும். பண்டிகை நாளில் ரயில் நிலையத்தில் பெருவாயில் வழியே கூட்டம் பாய்ந்து செல்ல, குறுகிய படிக்கட்டில் நிற்போர் அங்கேயே தேங்குவதை நாம் கண்டதுண்டு. அவ்வாறே குறுந்துளை எண்ணெய் பின்தங்கி விடுகிறது. விளக்குத் திரி எண்ணெயை விடாது பற்றுவது போல, நுண்துளையும் அதனை இறுகப் பற்றிக் கொள்கிறது.

இதனால் உலக வயல்களில் சராசரியாக மூன்றில் ஒரு பங்களவே வெளிவருகிறது. எஞ்சியது கல்லுக்குள்ளேயே தங்குகிறது. நீரைக் கெட்டியாக்கும் பொருள் கலத்தல், சோப்புப் போன்ற மருந்து செலுத்துதல், வாயு செலுத்துதல் முதலிய முறைகளால் அதிற் சிறிது மீட்கலாம். ஆயினும் பாறையின் துளையமைப்பை நன்கறிந்த பின்னரே எம்முறை பொருந்துமெனத் துணிய இயலும்.

நம் நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 80 விழுக்காட்டிற்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆதலால் கல்லிடமிருந்து கூடுதலாகப் பெறும் ஒவ்வொரு துளியும் நாட்டின் பணத்தைக் காக்கும். நம் காலனிப் பிள்ளைகளுள் ஒருவரேனும் நிலவியல் பயின்று அப்பணியில் ஈடுபடுவாராயின், அதுவே இச்சங்கத்திற்குப் பெருமை. அதுவரை, அரும்பாடுபட்டு எடுத்த எண்ணெயை வீணாக்காதிருத்தல் நம் அனைவரின் கடமை.